உதடு படாத மருந்து

பிறவிப்பெருமாள் அந்த ‘ஆமா’வைச் சொல்லி இருபத்திரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. முப்பத்தொரு வருஷம் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று கடிகாரம் பார்க்காமலே சொல்லிவிடுவார். அவர் வாயிலிருந்து பொய் கலக்காமல் வருகிற சரக்கு அது ஒன்றுதான். பாளையங்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சை அறைக்கு வெளியே, குளிர்ந்த இரும்பு பெஞ்சில், மஞ்சள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் அவர் சம்சாரம் செண்பகவடிவு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, முகத்தில் மாட்டிய மூடி வழியாக மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்துக்கொண்டிருந்தாள் என்பதே அவர் வழக்கப்படி கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். காற்று உள்ளே போன மாதிரியே தெரியவில்லை. மழைக்காலத்தில் ஜன்னல் இடுக்கில் காற்று சீழ்க்கை அடிக்குமே, அந்தச் சத்தம் மட்டும் திரையைத் தாண்டி வந்தது. நடுவில் ஒரு நொடி அது நின்றுபோனபோதெல்லாம் பிறவிப்பெருமாளுக்கும் மூச்சு நின்றுபோயிற்று. அந்த டியூட்டி டாக்டரம்மா, ஷமீமா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண், அவர் மகளைவிடச் சின்னவள், வெளியே வந்து நின்று என்ன கேட்டாள்? ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. “தாத்தா, பாட்டி இழுப்புக்குக் குடுத்த அந்த ஆரஞ்சு பம்பைத் தினமும் எடுக்காங்களா?” “எடுக்கா. ஒரு நாள் விட்டதில்ல.” அது சத்தியம். “வாயில வச்சு உதட்டை நல்லா மூடிக்கிட்டு இழுக்காங்களா?” “ஆமா.” அவ்வளவுதான். யாரோ பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற மாதிரி, தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் என்றால் அதற்கு ஒரு தலை, ஒரு வால் இருக்கும். இது வெறும் ‘ஆமா’. டாக்டரம்மா தலையை ஆட்டினாள். “அப்ப இந்த மருந்து அவங்களுக்குக் கேக்கல. பெரிய டாக்டர்கிட்ட பேசி வேற மாத்தணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேக்கல. மருந்து கேக்கல. மருந்து உள்ளே போயிருந்தாலல்லவா கேட்பதற்கு. அஞ்சு மாசமாக அந்த மருந்து வடிவின் நெஞ்சைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போயிருந்தது. அடுப்படி ஜன்னலுக்குப் போயிற்று, தினசரி காலண்டருக்குப் போயிற்று, நாக்கில் விழுந்து தித்திப்பும் கசப்புமாய்க் காய்ந்தது, சாமி அலமாரியில் இருக்கிற முருகனுக்குக்கூட இந்நேரம் ஆயுசுக்கும் இழுப்பு வராது. இப்படி ஒரு வரி தோன்றியதும் அவர் உதடு தானாகச் சிரிக்கப் போயிற்று. சிரிக்கப் போன உதட்டைக் கையால் பொத்திக்கொண்டார். எதிர் பெஞ்சில் காலில் கட்டுப் போட்ட ஆள் ஒருவன் அவரையே பார்த்தான். அழுகிறார் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். பம்பு கைக்கு வந்த அந்த நாளை விட்டுவிட்டு வேறு எதையாவது நினைக்கலாம் என்று பார்த்தால், நினைப்பு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது, சர்க்குலர் பஸ் மாதிரி. ஆவணி மாசம். இதே ஆஸ்பத்திரி. வடிவை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போயிருந்தார்கள். நர்ஸ் ஜெசிந்தா ஒரு காலி பம்பை எடுத்து அவருக்குச் செய்து காட்டினாள். குலுக்கணும். மூச்சை முழுசா வெளியே விடணும். குழாயை வாய்க்குள்ள வச்சு உதட்டால இறுக்கி மூடணும். பைய இழுக்க ஆரம்பிச்சதும் ஒரு அமுக்கு. இழுத்ததைப் பத்து எண்ணுகிறவரை உள்ளேயே வச்சுக்கிடணும். காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. “நல்லாருக்குன்னு நிறுத்திராதீங்க தாத்தா, இது இழுப்பு வராம இருக்கதுக்கு. வந்த இழுப்புக்கு இது கேக்காது, அதுக்கு நீலம் இருக்கு. இதை எடுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பிரணும், இல்லன்னா வாயெல்லாம் வெந்துரும். பாட்டி வரட்டும், நானே ஒருக்கச் செஞ்சு காட்டுதேன்.” நானே காட்டுதேன் என்று சொன்னாள் அந்தப் பிள்ளை. சொன்னாளா இல்லையா? சொன்னாள். அவர்தான் கையை வீசினார். “எம்மா, நீ உன் சோலியப் பாரு. கிளட்ச் எங்க இருக்குன்னு தெரியாம வந்தவனுக்கெல்லாம் மணிமுத்தாறு மலையில வண்டி ஏத்தக் கத்துக் குடுத்தவன் நான். இந்தச் சுண்டுவிரல் பம்பு எனக்கு எம்மாத்திரம்?” அவர் ஒரு சைக்கிளைக்கூட மலையில் ஏற்றியது கிடையாது. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

சிரிக்க வைத்தால் ஜனங்கள் போய்விடுவார்கள். இது அவர் அனுபவத்தில் கண்டது. முப்பத்தொரு வருஷம் லேட்டான வண்டிக்கெல்லாம் அவர்தான் சமாதானம். தென்காசி வண்டி முக்கால் மணி நேரம் லேட் என்றால் டயர் பஞ்சர் என்று சாதாரண ஆள் சொல்லுவான். பிறவிப்பெருமாள், ஆலங்குளத்தில் ஒரு மயில் படிக்கட்டில் ஏறிவிட்டது, இறங்கமாட்டேன் என்கிறது, கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் போடுவதா முழு டிக்கெட் போடுவதா என்று முதலாளிக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்கிறான் என்பார். கோபமாக வந்தவன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான். குறுக்குத்துறையில் முங்கி மூச்சடக்கியே ஆற்றுக்கடியில் நடந்து, சிந்துபூந்துறையில் எழுந்திரிச்சபோது தலையில் ஒரு வாளைமீன் குடும்பமே குடியிருந்தது என்று ஒரு கதை. மூச்சடக்கி. கதையில் மூச்சடக்குவது எவ்வளவு சுலபம். இங்கே திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி ஒரு மூச்சை முழுசாக இழுக்க முடியாமல், கழுத்துக் குழி உள்ளே போய் உள்ளே போய், தோள்பட்டை ஏறி ஏறி… வேண்டாம். வடிவு அவர் கதை எதையும் நம்பினவள் இல்லை. கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அவர் பாட்டுக்கு அளந்துகொண்டே போவார், அவள் கீரை ஆய்ந்துகொண்டே “உம், அப்பொறம்” என்பாள், கடைசியில் “சரி, மீன் எறங்கிப் போச்சா? எந்திச்சு வந்து சோத்தத் தின்னுங்க” என்பாள். முப்பத்தெட்டு வருஷம் இப்படி ஒரு ஏற்பாடு. அவர் என்ன சொன்னாலும் அதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுவாள் என்ற தைரியத்தில்தான் அவர் அளந்ததே. இந்த ஒன்றை மட்டும் ஏன் கழிக்காமல் முழுசாக எடுத்துக்கொண்டாள்? சீக்குக் காரியத்தில் ஒரு மனுஷன் பெண்டாட்டியிடம் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்துவிட்டாளா? அப்படி நினைத்தது அவள் தப்பா? அவள் தப்பா என்று கேட்கிற இந்த நாக்கை என்ன செய்தால் தகும்.

தோசைதான் காரணம். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நிஜம் என்பதால் கூடுதலாக நம்பமாட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வடிவு தோசை சுட்டு அவர் தட்டில் போட்டுவிட்டு, பம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத வாயிலயா வைக்கணும்? எச்சி இல்லா?” என்றாள். வடிவு பிறந்த வீட்டில் பாத்திரத்தில் உதடு பட்டால் புறங்கையில் ஒரு அடி விழும். தண்ணீரானாலும் காப்பியானாலும் அண்ணாந்துதான். கொதிக்கிற காப்பியை ஒரு சாண் உயரத்திலிருந்து தொண்டைக்குள் ஊற்றி ஒரு சொட்டுச் சிந்தமாட்டாள். சங்கரன்கோவில் ரோட்டில் பஸ் குதிக்கிற குதியில்கூடச் சேலையில் ஒரு பொட்டு இருக்காது. அறுபத்திரண்டு வருஷத்தில் ஒரு டம்ளரின் விளிம்பு அந்த உதட்டைத் தொட்டதில்லை. மருந்து எதுவானாலும் அவள் சாமி அலமாரியில்தான் வைப்பாள். “ரெண்டு வேள எச்சிப்பட்டத திரும்பக் கொண்டுபோயி திருநீத்துத் தட்டுப் பக்கத்துல வைக்கவா? நா மாட்டேன்” என்றாள். கழுவி வைக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். உலோகக் குப்பியைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் கூட்டை மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை கழுவிக் காயவைக்கலாம் என்று ஜெசிந்தா அதையும்தான் சொன்னாள். ஒரு பையில் போட்டு வேறே எங்காவது ஆணியில் தொங்கவிடு என்று சொல்லியிருக்கலாம். தோசை ஆறிக்கொண்டிருந்தது. ஓரம் மொறுமொறுவென்று இருந்தது, இன்னும் இரண்டு நிமிஷம் பேசினால் தொங்கிப்போகும். “ஏட்டி, வாயில வைக்கவே வேண்டாம். அண்ணாந்து அடிச்சாலும் ஒண்ணுதான். பெரிய டாக்டரே சொல்லிட்டாரு” என்றார். “டாக்டரா சொன்னாரு?” “அவரேதான். நம்ம சனங்களுக்குன்னு தனியா சொன்னாரு.” “நெசமாவா?” “நெசமாத்தான், சட்னிய ஊத்து.” அவள் முகம் தெளிந்தது. வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். மருந்துக்கு முன்னால் கொப்பளித்தாள். வாய் சுத்தமாக இருக்கவேண்டும், மருந்தைத் தின்ற பிறகு யாராவது துப்புவார்களா. தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து, ஒரு சாண் உயரத்தில் பம்பைப் பிடித்து அமுக்கினாள். புஸ் என்றது. வெள்ளைப் புகை அவள் நாக்கில் கொஞ்சம், மூக்கில் கொஞ்சம், மீதி டியூப் லைட் வெளிச்சத்தில் மிதந்து மிதந்து கலைந்தது. அது கலைவதைப் பிறவிப்பெருமாள் பார்த்தார். வாயில் தோசை இருந்தது. மென்றார்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்து வசவோடு போயிருக்கும். மறுநாள் சொன்னால் அரை மணி நேரம். ஒரு வாரம் கழித்துச் சொன்னால்… வண்டி லேட்டாக லேட்டாகத்தான் அதற்குக் கதை பெரிசாகத் தேவைப்படும். ஐப்பசியில் அவள் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படை கட்டியது. சோறு இறங்கவில்லை, புளி பட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது. “சூடு. மோர் குடி” என்றார். மருந்து தங்கிய இடம் அது என்று அவருக்குள் யாரோ சொன்னார்கள். அந்த ஆளைப் பேசவிடவில்லை. கார்த்திகையில் கோவில் சொக்கப்பனைப் புகையில் இழுப்பு வந்து நீலப் பம்பை எடுத்தாள். அதையும் அண்ணாந்துதான். ஒரு மாசத்துக்கு என்று வாங்கினது எட்டு நாளில் தீர்ந்தது. நீலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனபோது கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு பொம்பளை, பம்பைச் சுற்றி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு. பிறவிப்பெருமாள் திரும்பி நின்று ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒரு மாடு நின்றது. மாட்டைப் பார்த்துக்கொண்டே காசைக் கொடுத்தார், மாட்டைப் பார்த்துக்கொண்டே பையை வாங்கினார். அந்தப் படத்துப் பொம்பளையின் மூடிய உதடு அன்று ராத்திரி சோற்றில் கிடந்தது. மார்கழியில் வடிவு மாடிப்படி ஏறுவதை நிறுத்தினாள். பிறகு கோலம் போடுவதை நிறுத்தினாள். ஒரு வரி பேசுவதற்கு நடுவில் இரண்டு தடவை நிறுத்தினாள். “இந்த மருந்து… எனக்குச்… சேரல போல” என்றாள் ஒரு நாள். அப்போதும் ஆரஞ்சை விடவில்லை. காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு, கொப்பளித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, அண்ணாந்து. டாக்டர் சொன்னார் என்று அவர் சொன்னாரல்லவா. அதில் அவள் ஒரு வேளை தவறவில்லை. முந்தாநாள் அந்தப் புகை கலைவதைப் பார்த்தபோது அவர் வாயைத் திறந்துவிட்டார். திறந்து, “மழை வரும் போலிருக்கு” என்றார்.

செல்போன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து மகள் ஆவுடை. “அப்பா, அடுத்த வீட்டு அக்கா போன் பண்ணாங்க. அம்மாவ ஆட்டோல தூக்கிட்டுப் போனீங்களாம்ல? கத விடாமச் சொல்லுங்க, என்ன ஆச்சு?” “ஒண்ணுமில்லடி. சும்மா புகை வைக்க வந்தோம். உங்கம்மா உள்ள அந்த நர்ஸ் பிள்ளைக்கு வத்தக்குழம்பு வைக்கச் சொல்லிக் குடுத்துட்டிருக்கா.” “அப்பா.” “என்னளா?” “அம்மாட்ட குடுங்க.” திரைக்கு அந்தப் பக்கம் சீழ்க்கை நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு வந்தது. “மூடி போட்டிருக்கு, பேச முடியாது” என்றார். “நா கெளம்பி வாரேன்” என்று வைத்துவிட்டாள். அவள் வருவதற்கு ஏழு மணி நேரம். ஏழு மணி நேரத்தில் அவள் வந்து எதைப் பார்ப்பாள்? பிறவிப்பெருமாள் போனைச் சட்டைப்பையில் போடப் போய்த் தரையில் போட்டார். காலில் கட்டுப் போட்ட ஆள் குனிய முடியாமல் குனிந்து எடுத்துக் கொடுத்தான். “உள்ள யாரு, சம்சாரமா? சரியாயிரும் அண்ணாச்சி” என்றான். எப்படிச் சரியாகும்? டாக்டரம்மா பவரைக் கூட்டி ஒரு பம்பு எழுதிக் கொடுப்பாள். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து இந்தத் தடவை நிமிர்த்திவிடுவார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், வீட்டுக்குப் போய் வடிவு புது பம்பைக் கையில் எடுத்து, கொப்பளித்துவிட்டு வந்து, தலையை அண்ணாந்து… அப்புறம் மறுபடியும் இந்தப் பெஞ்சு. மறுபடியும் ஒரு பெஞ்சு கிடைக்கும் என்று யார் சொன்னது? காலையில் ஆட்டோவில் அவள் உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது.

சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது? அவர் மனசுக்குள் வாயைத் திறந்தார். ‘எம்மா, அந்த நர்ஸ் பிள்ள எனக்குச் சரியாச் சொல்லல’ என்று ஆரம்பித்தது. அடச்சீ. அந்தப் பிள்ளைமேல் போடுவதா? ‘எம்மா, என் சம்சாரம் ரொம்ப ஆசாரக்காரி, எவ்வளவு சொல்லியும் கேக்கமாட்டேன்னுட்டா.’ இது இன்னும் அழகாக வந்தது. அழகாக வந்ததாலேயே பயமாக இருந்தது. இன்னும் நாலு தடவை சொல்லிப் பார்த்தால் அவரே நம்பிவிடுவார். ‘எம்மா, பத்தமடையில எனக்கு ஒரு சித்தப்பா இருந்தாரு, அவரு பம்ப…’ எந்தச் சித்தப்பா? இல்லாத ஒரு சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜம்மென்று வந்து நிற்கிறார். ஒரே ஒரு வரி, மயில் இல்லாமல், சித்தப்பா இல்லாமல் ஒரே ஒரு வரி வேண்டும். அறுபத்தாறு வயசில் அதைத் தேடினால் அகப்படவில்லை. திரை விலகி டாக்டரம்மா வந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கால் எழுந்துவிட்டது, வாய் எழவில்லை. “தாத்தா, புகையில கொஞ்சம்தான் எறங்கியிருக்கு. ஆக்ஸிஜன் தொண்ணூறுக்கு மேல ஏறமாட்டேங்குது. ஊசி போட்டாச்சு. இன்னும் ஏறலன்னா மேல ஐசியூவுக்கு மாத்தணும். ஆரஞ்ச ஒழுங்கா எடுத்தும் இப்படின்னா…” “எடுக்கல” என்றார். “என்ன?” “ஒழுங்கா எடுக்கல. அண்ணாந்து அடிச்சா. உதடு படல. அஞ்சு மாசமா. நான் சொன்ன ஆமா பொய்.” டாக்டரம்மா அவரையே பார்த்தாள். “அவங்களுக்கு யாரு அப்படிச் சொன்னது?” “நாந்தான். நர்ஸு எனக்குச் சரியாத்தான் காட்டுனா. எனக்குத் தெரியும்.” தெரிஞ்சே எதுக்கு என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தார். தோசையைச் சொல்லவேண்டிவரும். அவள் கேட்கவில்லை. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். “அப்ப உள்ள வாங்க. மூடியக் கழட்டிட்டு நீலத்தக் குழல்ல போட்டுக் குடுக்கப் பாத்தேன். வாயில வைக்கவே மாட்டேங்குறாங்க. நான் சொன்னா கேக்கல, கையால தள்ளுறாங்க. என்கிட்ட சொன்னீங்க, சரி. அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க.”

டாக்டரம்மாவிடம் சொன்னதே போதும் என்று, அதோடு பாரம் இறங்கிவிடும் என்று ஒரு நொடி நினைத்திருந்தார். பச்சைத் திரைக்குள் வெளிச்சம் அதிகமாக இருந்தது. வடிவு பாதியாகியிருந்தாள். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்தில் நின்றது. ஜெசிந்தா ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கி, மறு கையில் கண்ணாடி மாதிரி இருந்த ஒரு பிளாஸ்டிக் குழலைப் பிடித்திருந்தாள்; அதன் ஒரு முனையில் நீலப் பம்பு செருகியிருந்தது. “பாட்டி, இந்த முனைய வாய்க்குள்ள வச்சு உதட்ட மூடுங்க. புதுசு பாட்டி, யாரும் வாய் வைக்காதது.” வடிவு தலையை ஆட்டினாள். அவரைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. சாட்சி வந்துவிட்டது என்கிற மாதிரி விரலை நீட்டி அவரைக் காட்டினாள். “அவ்வொ… ட்ட… கேளுங்க. பெரிய… டாக்டரு… அண்ணாந்து… ன்னு.” ஒவ்வொரு சொல்லுக்கும் தோள்பட்டை ஏறி இறங்கியது. பிறவிப்பெருமாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். டாக்டரம்மா மானிட்டரைப் பார்த்தாள். பச்சை எண் எண்பத்தொன்பது என்றது, எண்பத்தெட்டு என்றது. “வடிவு” என்றார். “டாக்டரு அப்படிச் சொல்லல. யாரும் சொல்லல. நான் பொய் சொன்னேன்.” அவளுக்குப் புரிவதற்கு இரண்டு மூச்சு ஆயிற்று. எத்தனையோ கதைக்கு அவர் முகத்தைப் பார்த்தவள், பாதியிலேயே கண்டுபிடித்து உதட்டோரம் சிரிப்பை அடக்கினவள், இப்போது அதே முகத்தில் எங்கே தவறவிட்டோம் என்று தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள். “இதுவுமா?” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். வடிவு அவரிடமிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். ஜெசிந்தாவின் கையிலிருந்து குழலைத் தானே வாங்கினாள். குழல் முனை உதட்டுக்கு வந்து, உதடு பின்வாங்கி, மறுபடியும் வந்து, பட்டது. அவள் முகம் சுளித்தது. பிறகு மூடிக்கொண்டாள். “அப்படித்தான் பாட்டி” என்று ஜெசிந்தா பம்பை அமுக்கினாள். “பைய இழுங்க. பைய. உள்ளயே வைங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…” நாலில் இருமல் வந்து எல்லாம் வெளியே சிதறியது. உடம்பே இரண்டாக மடங்கியது. பிறவிப்பெருமாள் அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார். அவள் அந்தத் தோளை நகர்த்திக்கொண்டாள், கொஞ்சம்தான், கை சென்று விழாத தூரத்துக்கு. “இன்னொருக்கப் பாக்கலாமா பாட்டி? முடியுமா?” என்றாள் ஜெசிந்தா. வடிவு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரும் சொல்லாமலே குழலைச் சுற்றி உதட்டை இறுக்கி மூடி, அமுக்கச் சொல்லிக் கையால் ஜாடை காட்டினாள்.